உருளைக்கிழங்கு கேட்கும் பதினைந்து நாள்

காயம்பட்ட கிழங்கு தானே தன்மேல் புதுத்தோல் போர்த்திக்கொள்கிறது. அந்த வேலையை நடத்துவது ஒரு ஹார்மோன். ஆனால் கிடங்கு வாசலில் நிற்பவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

பிப்ரவரி பாதி கடந்துவிட்டால் ஆக்ராவைச் சுற்றியுள்ள சாலைகள் டிராக்டர்களுக்குச் சொந்தம். கந்தௌலி, எத்மாத்பூர், சாதாபாத் என்று எந்தப் பக்கம் போனாலும் 50 கிலோ மூட்டைகளை ஏற்றிய டிரெய்லர்கள் குளிர்பதனக் கிடங்குகளின் வாசலில் வரிசைகட்டி நிற்கும். கிடங்கு நிரம்புவதற்குள் சரக்கை இறக்கிவிட வேண்டும். மார்ச் கடைசியில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டால் வெளியில் கிடக்கும் கிழங்கு அழுகும். நவம்பர்வரை நாட்டின் சமையலறைகளுக்குப் போக வேண்டிய சரக்கு இது. வரிசையில் முந்துவது யார் என்பதுதான் அப்போதைக்கு எல்லோருடைய கவலையும்.

அந்த மூட்டைகளுக்குள் வேறொரு ஓட்டம் நடந்துகொண்டிருக்கிறது. தோண்டும் கருவியின் தகடு சில கிழங்குகளைச் சீவியிருக்கும். சிலவற்றின் தோல் உராய்ந்து உரிந்திருக்கும். ஒரு முழத்துக்கு மேலிருந்து விழுந்த கிழங்கில், வெளியே ஒன்றும் தெரியாமல், உள்ளே கன்றிப்போயிருக்கும். தோண்டி எடுத்த பிறகும் உருளைக்கிழங்கு உயிருள்ள பொருள்தான். அது சுவாசிக்கிறது. அதன் எடையில் ஏறக்குறைய எண்பது சதவீதம் தண்ணீர். தோல் கிழிந்த இடம் வழியாகத் தண்ணீர் வெளியே போகும். பாக்டீரியாவும் பூஞ்சையும் உள்ளே வரும். அந்த வாசலைச் சீக்கிரம் அடைப்பதுதான் கிழங்கின் அவசரம். கிடங்குக்காரரின் அவசரமும் கிழங்கின் அவசரமும் ஒன்றல்ல என்பதில்தான் விவசாயியின் நஷ்டம் தொடங்குகிறது.

கிழங்கு வாசலை அடைக்கும் விதம் எந்த வீட்டுச் சமையலறையிலும் கண்ணுக்குப் படும். பாதி வெட்டி வைத்த உருளைக்கிழங்கை இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் வெட்டிய முகம் தடித்து, தோல்போல் இறுகியிருக்கும். வெட்டிய சில நிமிடங்களில் பழுப்பேறுவது வேறு கதை. இந்த இறுகல், வெட்டுமுகத்தில் உயிரோடு இருக்கும் செல்கள் முனைந்து செய்யும் வேலை.

வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில், வெட்டுக்கு அடுத்தபடியாக இருக்கும் செல்கள் தங்கள் சுவர்களில் சுபெரின் என்ற பொருளைப் பூசிக்கொள்கின்றன. பாட்டில் மூடியாகப் பயன்படும் தக்கையில் இருக்கும் அதே பொருள். பூச்சு ஒரே வகையல்ல. முதலில் வருவது பீனால் வகை. அது வந்து சேர்ந்த இரண்டு மூன்று நாளிலேயே மெல்லழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவுக்குத் தடை விழுந்துவிடுகிறது. பூஞ்சைக்கு இந்தத் தடை போதாது. கொழுப்பும் மெழுகும் கலந்த இரண்டாவது பூச்சு முடிய ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். அதற்குப் பிறகுதான் உலரழுகலைக் கொண்டுவரும் ஃபியூசேரியம் பூஞ்சை தோற்றுப்போகிறது. தண்ணீர் ஆவியாவதைத் தடுப்பதும் இந்த மெழுகுதான். ஆக, நாலாம் நாள் மூட்டை கட்டப்பட்ட கிழங்கு பாக்டீரியாவிடமிருந்து தப்பித்திருக்கலாம். பூஞ்சைக்குக் கதவு இன்னும் திறந்தே கிடக்கிறது.

இரண்டாம் கட்டம் நிதானமானது. பூச்சு பூசிய செல்களுக்குக் கீழே சில செல்கள் மறுபடி பிரியத் தொடங்குகின்றன. செங்கல் அடுக்கியதுபோல வரிசை வரிசையாகப் புதுச் செல்கள் எழுந்து, அவையும் சுபெரின் பூசிக்கொண்டு, அசல் தோலுக்கு ஈடான ஒரு காயத்தோலை உருவாக்குகின்றன. இது முழுமையாக இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும்.

இதில் ஒரு புதிர் உண்டு. கிழங்குக்கு மூளையோ நரம்போ கிடையாது. வெட்டுப்பட்ட செய்தியை அடுத்த வரிசைச் செல்களுக்குச் சொல்வது யார்? மாதக்கணக்கில் சும்மா கிடந்த செல்லை மறுபடி பிரியவைப்பது எது?

முதலில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தவர்களில் ஒருவர் காட்லீப் ஹேபர்லாண்ட் என்ற தாவரவியல் அறிஞர். பெர்லினில் பணியாற்றியபோது, 1913-இல், உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கிப் பார்த்தார். சாறு கடத்தும் குழாய்த் திசு இருந்த துண்டுகளில் செல்கள் பிரிந்தன. அது இல்லாத துண்டுகள் சும்மா கிடந்தன. குழாய்த் திசுவுள்ள துண்டை அவற்றின்மேல் ஒட்டவைத்தபோது அவையும் பிரியத் தொடங்கின. பிறகு வேறு செடிகளில் வெட்டுமுகத்தை நன்றாகக் கழுவிப் பார்த்தார், பிரிதல் குறைந்தது. ஏதோ ஒரு பொருள் கசிந்து வந்து கட்டளையிடுகிறது என்று முடிவுகட்டி, காய ஹார்மோன் என்று அதற்குப் பெயரும் வைத்தார். தாவர ஹார்மோன் எதையும் அதுவரை யாரும் பிரித்தெடுத்ததில்லை என்பதை நினைத்தால், இது பெரிய துணிச்சல்தான்.

பெயர் கிடைத்துவிட்டது, ஆள் அகப்படவில்லை. அதற்கு அறுபது ஆண்டு ஆயிற்று. துப்பு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஓர் இந்தியர். கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பாப்பச்சன் கொலட்டுக்குடி, சுபெரின் ஆராய்ச்சியில் உலகம் மதிக்கும் பெயர். 1974-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் சகாக்களும் உருளைக்கிழங்கு வில்லைகளைத் தண்ணீரில் கழுவினார்கள். கழுவிய வில்லைகளில் சுபெரின் சரியாகப் படியவில்லை. கழுவியபோது கரைந்துபோன ஏதோ ஒன்று இல்லாததுதான் குறை என்று ஊகித்தார்கள். அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கொடுத்தபோது சுபெரின் படிவது தூண்டப்பட்டது.

அப்சிசிக் அமிலத்துக்கு அந்தப் பெயர் பொருத்தமில்லை. 1960களில் கலிஃபோர்னியாவில் பருத்திக் காய்கள் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்ததால், உதிர்தலைக் குறிக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் பிரிட்டனில் மர மொட்டுகளின் உறக்கத்தை ஆராய்ந்தவர்களும் இதே பொருளைத்தான் வேறு பெயரில் பிடித்தார்கள். உதிர்ப்பதில் இதன் பங்கு சொற்பம் என்பது பிற்பாடு தெரிந்தது. வறட்சியில் இலைத்துளைகளை மூடுவதும், விதையையும் மொட்டையும் உறங்கவைப்பதும்தான் இதன் முக்கிய வேலை. சுருக்கமாகச் சொன்னால், தண்ணீரைக் காப்பாற்றும் ஹார்மோன். காயத்தில் மெழுகு பூசுவதும் தண்ணீரைக் காப்பாற்றும் வேலைதானே.

இருந்தாலும் சந்தேகத்தின் பெரும்பகுதி வேறு இருவர்மேல் இருந்தது. ஒன்று எதிலீன். வாழைக்காயைப் பழுக்கவைக்கும் இந்த வாயு, எந்தச் செடியைக் காயப்படுத்தினாலும் வெளிவரும். மற்றொன்று ஜாஸ்மோனிக் அமிலம், மல்லிகை வாசனையின் உறவுக்காரப் பொருள். புழு கடித்த தக்காளி இலை தன்னைத் தற்காத்துக்கொள்வதில் இதற்குப் பங்குண்டு என்று 1990களில் தெரியவந்தபோது, காயம் என்றாலே ஜாஸ்மோனிக் என்று ஆகிவிட்டது. கிழங்கை வெட்டினாலும் இரண்டும் எகிறத்தான் செய்கின்றன. சம்பவ இடத்தில் நின்றவர்கள் என்பதால் குற்றவாளிகள் என்று முடிவுகட்ட முடியுமா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஃபார்கோ என்ற ஊரில், அந்நாட்டு வேளாண் துறை ஆய்வகத்தில் எட்வர்ட் லுலாய், ஜெஃப்ரி சட்டில் என்ற இருவரும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். எதிலீன் உருவாவதையும் அது வேலை செய்வதையும் தடுக்கும் ரசாயனங்களைக் கொடுத்தார்கள். காயம் வழக்கம்போல ஆறியது. 2004-இல் எதிலீன் விடுதலையானது. ஜாஸ்மோனிக் அமிலம் வெட்டிய சில மணி நேரத்தில் உச்சம் தொட்டு விழுந்துவிடுகிறது. அதைத் தடுத்தபோதும் முதல்கட்டப் பூச்சு தொடங்கியது. 2011-இல் அதுவும் விடுபட்டது.

மிஞ்சியது அப்சிசிக் அமிலம். 2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் அதன் நடமாட்டம் தெளிவானது. வெட்டிய முதல் நாளில் அளவு சரிகிறது. இரண்டாம் நாளிலிருந்து ஏறுகிறது. மூன்று நான்கு நாளில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்குகிறது. மெழுகுப்பூச்சு மும்முரமாகும் நாட்களும் அவைதான். ஃப்ளுரிடோன் என்ற களைக்கொல்லி இந்த ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும். அதைக் கொடுத்த கிழங்கில் சுபெரின் குறைந்தது, தண்ணீர் கூடுதலாக வெளியேறியது. அதோடு அப்சிசிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது காயம் மறுபடி ஆறத் தொடங்கியது. எடுத்தால் நிற்கிறது, கொடுத்தால் நடக்கிறது என்றால் விஞ்ஞானத்தில் அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அபூர்வம். ஸ்பெயின் நாட்டில் கிரோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு, சுபெரின் தயாரிப்பில் பங்குள்ள ஒரு ஜீனை வைத்து 2013-இல் தனியாகச் சோதித்தது. அந்த ஜீனையும் அப்சிசிக் அமிலம் தூண்டியது, ஜாஸ்மோனிக் தூண்டவில்லை.

இரண்டாம் கட்டத்தில், புதுச் செல்கள் பிரியும்போது, ஆட்கள் மாறுகிறார்கள். ஆக்சினும் சைட்டோகைனினும் வருகின்றன. செல் பிரிதலுக்குப் பேர்போன ஜோடி. ஃபார்கோ குழுவின் 2016 ஆய்வு, காயம்பட்ட கிழங்கில் இவை இரண்டிலும் மாற்றம் ஏற்படுவதையும், தாவரங்களை நீளவைக்கும் ஜிப்ரலின்கள் காயத்தால் உருவாவதில்லை என்பதையும் காட்டியது. ஹேபர்லாண்ட் தேடிய ஒற்றை ஹார்மோன், நூறாண்டுக்குப் பிறகு, முறைவைத்து வேலை செய்யும் ஒரு கூட்டமாக ஆகியிருக்கிறது. அதில் முதல் முறைக்காரர்தான் இல்லாமல் முடியாதவர்.

ஆய்வகத்திலிருந்து ஆக்ராவுக்குத் திரும்பும்போதுதான் விஷயம் காசாகிறது. இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் கதகதப்பு வேண்டும், ஈரக்காற்று வேண்டும், பிராணவாயு வேண்டும். 15 முதல் 20 டிகிரி செல்சியஸ், 85 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்றால் பத்துப் பதினைந்து நாளில் காயத்தோல் நன்றாகத் தேறிவிடும். 10 டிகிரியில் இழுபறி. சாப்பாட்டு உருளைக்கிழங்கை வைக்கும் இந்தியக் குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையோ 2 முதல் 4 டிகிரி. அந்தக் குளிரில் முதல்கட்டப் பூச்சே நத்தை வேகம். புதுத்தோல் உருவாவது ஏறக்குறைய நின்றுவிடும். கிருமிகளும் அந்தக் குளிரில் அடங்கித்தான் இருக்கும். ஆனால் அவை சாவதில்லை. மூட்டை வெளியே வந்து வெயில்படும் நாளில், ஆறாத காயம் அவற்றுக்குத் தயாராகக் காத்திருக்கும். தண்ணீர் இழப்புக்கு அந்தத் தாமதமும் கிடையாது; உள்ளே போன நாளிலிருந்தே எடை குறைகிறது. கிடங்கு வாடகை மூட்டைக் கணக்கு. மண்டியில் விலையோ தராசில் நிற்கும் கிலோவுக்கு. இடையில் காணாமல்போன தண்ணீர் விவசாயியின் கணக்கில் எழுதப்படுகிறது.

உருளைக்கிழங்கு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. 2022-23-இல் விளைந்தது சுமார் 6 கோடி டன். நாட்டில் 8,000-க்கும் மேற்பட்ட குளிர்பதனக் கிடங்குகள் உள்ளன. அவற்றின் இடத்தில் பெரும்பகுதியைப் பிடிப்பது உருளைக்கிழங்குதான். இவ்வளவு சரக்கில் நூற்றுக்கு ஒரு பங்கு எடை கூடுதலாகக் குறைந்தாலும் அது பல லட்சம் மூட்டை.

இதற்கான பரிகாரம் புதிதல்ல, செலவும் அதிகமில்லை. 1949-இல் பாட்னாவில் தொடங்கி 1956-இல் சிம்லாவுக்குப் போன மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவருவதுதான். தோண்டுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே செடியின் தண்டையும் இலையையும் வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் மண்ணுக்குள் தோல் முற்றி, உரியாமல் இருக்கும். தோண்டிய பிறகு நிழலில் குவித்து வைக்கோலால் மூடி இன்னொரு பத்துப் பதினைந்து நாள் விட வேண்டும். வைக்கோல் வெயிலைத் தடுக்கும், கிழங்கு பச்சையாவதைத் தடுக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். குவியல் ரொம்ப உயரமானால் அடியில் சூடேறி, காற்றில்லாமல் அழுகும். வெந்நிறமான மார்ச் வெயிலில் 35 டிகிரி தாண்டினால் ஆறுவதும் நின்றுவிடும். அதனால் தோண்டுவதே பிப்ரவரியில் முடிய வேண்டும். ஹார்மோன் பற்றி ஒன்றும் தெரியாமலே பழைய விவசாயிகள் வைக்கோலுக்கடியில் அப்சிசிக் அமிலத்துக்கு வேண்டிய அவகாசத்தைத் தந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு ஏன் எல்லோரும் செய்வதில்லை? ஆரம்பத்தில் நல்ல விலை இருக்கும்போது இளம்தோல் கிழங்கையே தோண்டுகிறார்கள். குத்தகை நிலம் அடுத்த பயிருக்குக் காலியாக வேண்டும். கூலியாட்களுக்கு இரண்டு முறை கூலி கொடுக்க முடியாது. குவியலை இரவில் காவல் காக்க வேண்டும், மழைத்தூறல் விழுந்தால் மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், பதினைந்து நாள் கழித்துப் போனால் கிடங்கில் இடம் இருக்குமா என்ற பயம். இவற்றில் எதையும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. கிடங்குகள் முன்பதிவு செய்தவருக்கு நாள் குறித்துக் கொடுத்தால், அல்லது குளிரை உடனே இறக்காமல் முதல் இரண்டு வாரம் 15 டிகிரியில் ஒரு கூடத்தை விட்டுவைத்தால், பாதிப் பிரச்சினை தீரும். மின்சாரமும் இடமும் கிடங்குக்காரருடையது என்பதால் இந்த யோசனை அவருக்கு அவ்வளவாக ருசிப்பதில்லை.

சிப்ஸ் கிழங்கு வேறொரு வகைச் சிக்கல். 4 டிகிரியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகி, எண்ணெயில் போட்டதும் கறுக்கும். அதனால் 10 முதல் 12 டிகிரியில் வைக்கிறார்கள். அந்தச் சூட்டில் முளை விடும் என்பதால் சி.ஐ.பி.சி. என்ற மருந்தைப் புகையாக அடிக்கிறார்கள். இது செல் பிரிதலை நிறுத்தும் மருந்து. முளையில் பிரிவதையும் நிறுத்தும், காயத்துக்கடியில் பிரிவதையும் நிறுத்தும். காயத்தோல் உருவாகுமுன் அடித்துவிட்டால் கிழங்கு ஆறாத புண்ணோடேயே மாதங்களைக் கழிக்க வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்துக்கு 2019-இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. காரணம் காயமல்ல, உடல்நலம். அங்கே இப்போது புதினா வகை எண்ணெயும் எதிலீன் வாயுவும் பயன்படுகின்றன. காய விசாரணையில் விடுதலையான எதிலீனுக்கு முளையை அடக்கும் உத்தியோகம் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் அப்சிசிக் அமிலத்தையே கரைத்துத் தெளித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மோகன் குமார், ரிச்சர்ட் நோல்ஸ் ஆகியோர் ஃபார்கோ குழுவுடன் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகில் போகிறது. இரண்டாண்டுக்கு மேல் சேமித்த கிழட்டுக் கிழங்குகளை வெட்டியபோது, புதுக் கிழங்கு அளவுக்குக் காயம் ஆறவில்லை. அவற்றில் அப்சிசிக் அமிலமும் குறைவு. வெளியிலிருந்து கொடுத்தபோது நிலைமை ஓரளவு மேம்பட்டது. ஓரளவுதான். வயதானதில் இன்னும் பல கோளாறுகள் சேர்ந்துகொள்கின்றன. தவிர, இதே ஹார்மோன்தான் கிழங்கின் கண்களை உறங்கவைக்கிறது என்று 1994-லேயே ஃபார்கோவில் காட்டியிருக்கிறார்கள். தோலுக்கு என்று தெளிப்பது முளையையும் தொடக்கூடும். சாப்பாட்டுக் கிழங்குக்கு அது லாபம், விதைக்கிழங்குக்கு?

விதைக்கிழங்கு என்றதும் வங்காளம் நினைவுக்கு வரும். பஞ்சாபிலிருந்து வரும் விதையை ஹூக்ளியிலும் பர்தமானிலும் பல விவசாயிகள் துண்டுபோட்டு நடுகிறார்கள். விதைச் செலவு பாதியாகும் என்பதால். இங்கே காயம் விபத்தல்ல, கத்தியால் செய்வது. கிடங்கில் ஏழெட்டு மாதம் இருந்த கிழங்கை வெட்டி, அன்றே ஈர மண்ணில் வைத்தால் பூச்சு படிவதற்குள் அழுகல் முந்திக்கொள்ளும். வயலில் வெற்றுக்குழிகள் தெரியும். வெட்டிய துண்டுகளைக் குவிக்காமல் நிழலில் பரப்பி, ஈரச்சாக்கு போட்டு மூடி, மூன்று நான்கு நாள் விட்டு நடுபவர்களின் வயலில் அந்தக் குழிகள் குறைவு. வெட்டிய துண்டைத் தண்ணீரில் அலசக்கூடாது என்பதும் இதில் அடக்கம். அலசினால் எது கரைந்து போகும் என்பது 1974-இலேயே தெரிந்துவிட்டது. கத்தியை மட்டும் ஒவ்வொரு கிழங்குக்கும் இடையில் கிருமிநாசினியில் தோய்த்து எடுக்க வேண்டும். ஹார்மோன் புதுக்கிருமியைத் தடுத்து நிறுத்தும். கத்தியே உள்ளே கொண்டுபோய் வைத்ததை வெளியேற்றாது.